பக்கத்தில் யார் உட்காருவது? - பள்ளிக்கூட நட்பின் கதை

போன வெள்ளிக்கிழமை என் தம்பி தன்னோடு ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனை வீட்டுக்கு அழைத்து வந்தான். பல்லாவரம் சந்தையில் இரண்டு பேரும் காசு போட்டு ஒரு பழைய ரேடியோ வாங்கியிருந்தார்கள். பாடாத ரேடியோ. அதைத் தரையில் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாக ஏதோ நோண்டிக்கொண்டிருந்தார்கள். முறுக்குத் தட்டோடு வந்த எங்கள் ஆச்சி அந்தப் பையனிடம் கேட்டார்:

"தம்பிக்குச் சொந்த ஊரு எது?"

"பல்லாவரம்தான் பாட்டி."

"அது சரி. அப்பாவுக்குச் சொந்த ஊரு? அங்க எந்தத் தெரு?"

பையன் தம்பியைப் பார்த்தான். தம்பி என்னைப் பார்த்தான். "ஆச்சி, அந்த டார்ச் லைட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று சொல்லி நான் பேச்சை மாற்றினேன்.

எந்த ஊர், எந்தத் தெரு என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆச்சி கெட்டவர் இல்லை. அந்தப் பையனுக்கு இரண்டாவது முறையும் முறுக்கு வைத்தவர் அவர்தான். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. "குழந்தைகளுக்கு நண்பர்கள் கிடைக்கப் பெற்றோர் எப்படி உதவலாம்?" என்று பத்திரிகைகளில் பத்து யோசனை, இருபது யோசனை போடுகிறார்கள். புன்னகை செய்யச் சொல்லுங்கள், பொம்மையைப் பகிரச் சொல்லுங்கள் என்றெல்லாம் இருக்கும். நம் ஊரில் குழந்தைகளின் நட்புக்குப் பெரியவர்கள் உண்மையில் என்ன செய்திருக்கிறார்கள், என்ன கெடுத்திருக்கிறார்கள் என்று வரலாற்றில் தேடினால் என்ன என்று தோன்றியது. தேடியதில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

மணி அடித்த பிறகு உள்ளே போன மாணவன்

பல்லாவரத்தில் இருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் தாம்பரம், செங்கல்பட்டு எல்லாம் தாண்டி மதுராந்தகம் வரும். அந்தப் பக்கம் கோழியாளம் என்ற கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு கலந்துகொண்டவர். பாடப்புத்தகத்தில் இந்த இரண்டு வரி இருக்கும். அவர் சிறுவனாக எப்படிப் பள்ளிக்குப் போனார் என்பது இருக்காது.

1939-ல் வந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற தன் வரலாற்றில் அவரே அதைச் சொல்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். சாதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். யாரோடாவது நெருங்கிப் பழகினால் தன் சாதி, வீடு, குடும்பம் எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் மற்ற மாணவர்கள் தன்னை எட்டிப் பிடித்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாமல் போனதை எண்ணி வருந்தியதாக எழுதுகிறார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவரை வெளியே போ என்று யாரும் துரத்தவில்லை. வகுப்பில் இடம் இருந்தது, பாடம் நடந்தது. இல்லாமல் போனது நட்பு மட்டும்தான். அவர் தினமும் ஓடியது அடிக்குப் பயந்து அல்ல, "உனக்கு எந்த ஊர், எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பயந்து.

நண்பன் கிடைக்காத குழந்தையைப் பார்த்து "கூச்ச சுபாவம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சீனிவாசனின் ஆசிரியர்களும் ஒருவேளை அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

1925: நின்றுபோன சாப்பாடும் பிரிந்த பந்தியும்

தமிழ்நாட்டில் குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்த பெரிய விஷயம் பாடம் அல்ல, சாப்பாடு.

1920-ல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதியம் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் விரிந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியில் இருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கில அரசு சொல்லிவிட, 1925-ல் திட்டம் நின்றது.

அதே 1925-ல்தான் தெற்கே திருநெல்வேலிச் சீமையில் இன்னொரு சாப்பாட்டுப் பிரச்சினை தமிழ்நாட்டையே கலக்கியது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்காக ஒரு குருகுலம் நடத்தி வந்தார். காங்கிரஸ் கட்சி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து தங்கிப் படிக்கும் இடம் என்றுதான் பெயர். ஆனால் சில பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு நடந்தது. பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தார். அவர் மூலமாக விஷயம் வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் எழுதினார், பெரியார் கண்டித்தார். பெரிய போராட்டமே நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வ.வே.சு. ஐயர் தனிப்பட்ட முறையில் சாதி பார்த்தவர் அல்ல என்றுதான் அவரை எதிர்த்தவர்களே சொன்னார்கள். பிறகு ஏன் தனிப் பந்தி? அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். காந்தியிடம் விஷயம் போனபோது, ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர்களோடு இது நிற்கட்டும், இனி இப்படி ஒரு நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம் என்று சமரசம் சொன்னார். யாருக்கும் திருப்தி இல்லை. ஐயர் பொறுப்பில் இருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். அதே வருடக் கடைசியில் பெரியார் காங்கிரசில் இருந்து வெளியேறினார்.

அரசியல் வரலாற்றில் இது சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. நான் இதைக் குழந்தைகளின் பக்கம் இருந்து பார்க்கிறேன். காலையில் இருந்து மாலை வரை ஒன்றாகப் படித்து, ஒன்றாக உடற்பயிற்சி செய்து, ஒன்றாக விளையாடிய பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டாகப் பிரிந்து போனார்கள். பிரித்தது பிள்ளைகள் அல்ல. பிரிப்பது தவறு என்று தெரிந்த ஒரு பெரியவரும் மற்ற பெரியவர்களுக்காக விட்டுக்கொடுத்தார்.

தட்டும் சட்டையும்

1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அது ஆரம்பமானது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் அரிசியும் பருப்பும் காசும் கேட்டு வாங்கினார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, கட்டிடம் என்று ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். காமராஜர் ஆட்சியிலேயே பள்ளிச் சீருடையும் வந்தது.

பிறகு 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்கள், அப்புறம் நகரங்கள், 1984-ல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள் என்று வளர்ந்தது. பிறகு கருணாநிதி காலத்தில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

இவை நட்புக்காகக் கொண்டுவந்த திட்டங்கள் என்று சொன்னால் பொய். பசிக்காகவும் படிப்புக்காகவும் கொண்டுவந்தவை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1925-ல் ஒரு குருகுலத்தில் சில பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்கார வைக்க முடியாமல் ஒரு கட்சியே உடைந்தது. அறுபது வருடம் கழித்து அதே தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே சட்டை போட்டு, ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவில் இருந்து வந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். யாரும் நட்பைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. பக்கத்தில் உட்காருவதை மட்டும் சாதாரண விஷயமாக்கினார்கள்.

அது போதுமா?

போதும் என்று முடித்தால் கட்டுரை இனிப்பாக இருக்கும். ஆனால் உண்மை அப்படி இல்லை.

2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்திலேயே உசிலம்பட்டி என்ற ஊரின் பள்ளியில், ஒரு தலித் பெண் சமைத்தார் என்பதால் சில பிள்ளைகள் காலை உணவைச் சாப்பிட மறுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அமைச்சர் கீதாஜீவனும் கனிமொழி எம்.பி.யும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நாங்குநேரியில் அந்தக் கொடுமை நடந்தது. 12-ம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவர் சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். விசாரித்த ஆசிரியர்களிடம் காரணத்தைச் சொன்னதும், அதே பள்ளியில் படித்த மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவர் மருத்துவமனையில் இருந்து மீண்டு வந்து, அடுத்த வருடம் பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார்.

வெட்டியவர்களும் சத்துணவு காலத்துப் பிள்ளைகள்தானே? சீருடை போட்டவர்கள்தானே? பிறகு எங்கே கோளாறு?

இதற்குப் பதில் தேடும்போது ஒரு பழைய சோதனை ஞாபகம் வந்தது. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீப் என்ற உளவியல் அறிஞர், ஒருவரையொருவர் முன்பின் தெரியாத 22 சிறுவர்களைக் கோடை முகாமுக்கு அழைத்துப் போய் இரண்டு குழுவாகப் பிரித்தார். எல்லோருக்கும் 11 வயது போல இருக்கும். குழுக்களுக்குள் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி சில போட்டிகள் வைத்தார். சில நாட்களிலேயே ஒருவர் கொடியை மற்றவர் எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. இவர்களைச் சேர்த்து வைக்க முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒன்றாகச் சினிமா பார்க்க வைத்தார், ஒன்றாகச் சாப்பிட வைத்தார். பலன்? சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள் :-)

பிறகு முகாமுக்குத் தண்ணீர் வராமல் செய்தார். இரண்டு குழுவும் சேர்ந்து தேடினால்தான் கோளாறைக் கண்டுபிடிக்க முடியும். சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்பவில்லை. எல்லோரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். எந்தக் கயிற்றை வைத்து எதிர் எதிராக இழுத்தார்களோ அதே கயிறு! கடைசி நாளில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பக் கேட்டார்கள். குழந்தைகளை வைத்து இப்படிச் சோதனை செய்தது சரியா என்று பின்னால் நிறைய விமர்சனம் வந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனால் பாடம் தெளிவானது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போக, சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும்.

நம் ஊரிலும் கயிறு உண்டு. சீருடை எல்லாச் சட்டையையும் ஒரே நிறமாக்கியதும், சாதியைக் காட்ட மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். 2019-லேயே பள்ளிக் கல்வித்துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது, சர்ச்சை கிளம்பியதும் விஷயம் அடங்கிப்போனது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்கள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்று பல பரிந்துரைகள். எதிர்ப்பும் வந்தது. பலர் கவனிக்காத ஒரு பரிந்துரை எனக்கு ரொம்பப் பிடித்தது: வகுப்பில் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள்.

அகரவரிசையின் பலம்

சின்ன விஷயமாகத் தெரிகிறதா? டெல்லியில் கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் செய்த ஆய்வைப் பாருங்கள். 2007-ல் டெல்லியின் பணக்காரத் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டி வந்தது. (பின்னால் 2009 கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுக்க 25 சதவீதம் என்று சொன்னதற்கு முன்னோடி இது.) "அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்தால் எங்கள் பிள்ளை கெட்டுப்போவான்" என்று பெற்றோர்கள் பயந்தார்கள்.

ராவ் என்ன கண்டுபிடித்தார்? ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் பிறருக்கு உதவுவதில் முன்னால் நின்றார்கள். ரிலே ஓட்டத்துக்கு ஆள் எடுக்கச் சொன்னபோது, நன்றாக ஓடும் ஏழைப் பையனை ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஏழைப் பிள்ளைகளோடு விளையாடப் போகவும் அவர்களுக்குத் தயக்கம் குறைவு. ஒட்டுமொத்த மதிப்பெண்ணிலும் பெரிய பாதிப்பு இல்லை. இன்னொரு சுவையான விஷயம்: சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தார்கள். யார் யாரோடு சேர்வது என்பதை எழுத்து முடிவு செய்தது. அப்படி ஒரே குழுவில் சேர்ந்து படித்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம். சும்மா ஒரே கட்டிடத்தில் இருந்தால் மட்டும் போதவில்லை.

இதற்கு முன்பே 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் இதே வழியில் ஒன்றைச் செய்து பார்த்தார். வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்த புதிது, தினமும் சண்டை. அவர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். யாரையாவது கிண்டல் செய்து வாயை மூட வைத்தால் அந்தத் துண்டு உங்களுக்குக் கிடைக்காது. நஷ்டம் உங்களுக்குத்தான். சில வாரங்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கவும் விரும்பவும் ஆரம்பித்தார்கள். அந்தப் பையன் பேசுவது அவர்களுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நான் படித்த ஒரு பள்ளியில் மார்க் வரிசையில் உட்கார வைப்பார்கள். முதல் பெஞ்சில் முதல் ஐந்து ரேங்க், கடைசி பெஞ்சில் கடைசி ஐந்து. ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் இடம் மாறும். பக்கத்தில் இருந்தவனோடு பழகி முடிப்பதற்குள் பிரித்துவிடுவார்கள். கடைசி பெஞ்சுக்குப் போனவனோடு பேசினால் "நீயும் அங்கேயே போகப் போறியா?" என்பார்கள். அப்போது அது கண்டிப்பு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், எங்களுக்கு இருந்திருக்க வேண்டிய எத்தனையோ நண்பர்களை அந்த வரிசை எடுத்துக்கொண்டது என்று தோன்றுகிறது.

கடைசி மணிக்குப் பிறகு

இவ்வளவு படித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான். குழந்தைகளுக்கு நட்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, அது அவர்களுக்கே வரும். பெரியவர்கள் செய்ய வேண்டியது மூன்று. பக்கத்தில் உட்கார இடம் கொடுக்க வேண்டும். சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுக்க வேண்டும். மூன்றாவது, குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும். முதலாவதை நம் மாநிலம் பெரும்பாடு பட்டுச் செய்தது. இரண்டாவதை ஒரு நல்ல ஆசிரியர் நாளைக்கே செய்ய முடியும். மூன்றாவதுக்குச் சட்டம் போட முடியாது. அது வீட்டு விஷயம். பள்ளியில் பிறந்த நட்பு பிழைக்குமா என்பது கடைசி மணி அடித்த பிறகு, வீட்டு வாசலில் என்ன கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆச்சியிடம் இரட்டைமலை சீனிவாசன் கதையைச் சொன்னேன். பள்ளி விட்டதும் ஓடிய கதை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்தாவ" என்றார். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை.

அந்தப் பையன் இன்னும் இரண்டாவது தடவை வரவில்லை. தம்பியிடம் கேட்டால் "பரீட்சை நடக்குதுல்ல" என்கிறான். அதுதான் காரணமாக இருக்கட்டும். ரேடியோவின் ஸ்பீக்கரைச் சரி பண்ணித் தருகிறேன் என்று அவன் தன் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறான். மிச்சம் எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் பாடும். இந்த வெள்ளிக்கிழமை நானே போய் அவனை அழைத்து வரலாம் என்று இருக்கிறேன்.